அடித்துக்கொள்ளட்டும் என்று சொல்லும் முன்

"அமெரிக்காவும் சைனாவும் ஒரு தடவை மோதித் தீத்துக்கிடட்டும். நமக்கு அதுல நட்டம் ஒண்ணும் கிடையாது, லாபந்தான்." இதைச் சொன்னவர் என் மச்சான். வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கம் ரப்பர் வைத்திருக்கிறார், நீண்ட காலம் சவுதியில் இருந்தவர், இரவில் செய்தி பார்க்காமல் தூங்கப் போகமாட்டார். உறவினர் வீட்டுப் பால்காய்ப்பில் பந்தி முடிந்து, பந்தலுக்கு அடியில் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தபோது சொன்னார். காரணங்களும் வரிசையாக வைத்திருந்தார். போர் வந்தால் ரப்பருக்கு விலை ஏறும். சீனாவில் இருக்கும் கம்பெனிகள் எல்லாம் இந்தியாவுக்கு ஓடிவரும். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கனிம மணலைக் கேட்டு உலகமே வரிசையில் நிற்கும். சுற்றி இருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை. ஒரு தம்பி மட்டும், "அணுகுண்டு போட்டா?" என்று கேட்டான். "அது அங்கல்லா போடுவான், இங்கயா போடப் போறான்" என்று பதில் வந்தது. அதோடு பேச்சு யார் ஜெயிப்பார்கள் என்பதற்குத் தாவிவிட்டது.

நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை சொன்னேன், எடுபடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பேருந்தில், டீக்கடையில், பள்ளி ஆசிரியர் அறையில் இதையே வேறு வேறு ஆட்கள் வேறு வேறு மாதிரி சொல்லிக் கேட்கிறேன். நல்லவர்கள், பிறர் வீட்டுச் சாவுக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறவர்கள். இவர்களே ஒரு போரை, அதுவும் இந்த அளவுக்குப் பெரிய போரை, பக்கத்து ஊர் கபடிப் போட்டி மாதிரி பேசுவதற்குக் காரணம் கெட்ட மனசு என்று நான் நினைக்கவில்லை. தூரம் என்ற நினைப்புதான் காரணம். அந்தத் தூரத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

தைவான் விவகாரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தத் தீவு தன்னுடையது என்கிறது சீனா, தீவோ தனி அரசாக நடக்கிறது. 2022 ஆகஸ்டில், அப்போது அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவைச் சபாநாயகராக இருந்த நான்சி பெலோசி தைபே போய்த் திரும்பியதும் சீனா அந்தத் தீவைச் சுற்றி ஏவுகணை வீசியது. அதற்குப் பிறகு தீவை வளைத்து நடக்கும் பயிற்சிகள் வாடிக்கையாகிவிட்டன. அமெரிக்கா 1979-ல் போட்ட தைவான் உறவுச் சட்டத்தில் ஆயுதம் தருவோம் என்று இருக்கிறது. படை அனுப்புவோம் என்று இல்லை, அனுப்ப மாட்டோம் என்றும் இல்லை. அந்த இழுபறியில்தான் அமைதி இத்தனை வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. சீனாவிடம் அணுகுண்டுகள் 600 அளவில் இருப்பதாக ஸ்டாக்ஹோமில் உள்ள சிப்ரி என்ற ஆய்வு நிறுவனத்தின் 2025 கணக்கு சொல்கிறது. அமெரிக்காவிடம் 5,000-க்கும் மேல். இந்த எண்களை வைத்துக்கொண்டு யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் போடுவதில் எனக்கு எந்த ஆர்வமும் இல்லை.

நூல் பிடித்து அளந்தால்

நான் சமூக அறிவியல் எடுக்கிற வாத்தியார். வரைபடத்தில் தூரம் அளக்க, பிள்ளைகளிடம் ஒரு துண்டு நூல் கொண்டுவரச் சொல்வேன். கன்னியாகுமரியில் ஒரு முனையை வைத்து, இன்னொரு முனையைச் சென்னைக்கு இழுத்தால் நேர்க்கோட்டில் 630 கிலோமீட்டர் போல வரும். அதே நூலை அப்படியே கிழக்கே திருப்பி இலங்கையின் தென்கரைக்குக் கொண்டுபோனால், அம்பாந்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபிறகும் நூல் மிச்சம் இருக்கும். சுமார் 450 கிலோமீட்டர்தான். அந்தத் துறைமுகத்தை 2017-ல் ஒரு சீன அரசு நிறுவனம் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. 2022 ஆகஸ்டில் சீனாவின் 'யுவான் வாங் 5' வந்து நின்றது அங்கேதான். விண்கலங்களையும் ஏவுகணைகளையும் தொடர்ந்து கண்காணிக்கும் கப்பல் அது.

இப்போது நூலை டெல்லிவரை நீட்டினால் 2,270 கிலோமீட்டர். அதைத் தென்மேற்கே திருப்பினால் டீகோ கார்சியா அதற்குள் அடங்கிவிடும், 1,800 கிலோமீட்டர் அளவில். இந்தியப் பெருங்கடலில் அமெரிக்காவின் பெரிய ராணுவத் தளம். 2025 வசந்த காலத்தில் பி-2 குண்டுவீச்சு விமானங்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்களே, அதே தீவு. பிரிட்டன் தன்னிடம் இருந்த அந்தத் தீவுக்கூட்டத்தை மொரீஷியஸுக்குக் கொடுக்க, இரண்டு நாடும் 2025 மே மாதம் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அந்தத் தளத்துக்கும் 99 வருடம்தான் குறித்திருக்கிறார்கள். ஆக, நமக்குச் சென்னையைவிடப் பக்கத்தில் சீனாவின் கைக்குள் ஒரு துறைமுகம், டெல்லியைவிடப் பக்கத்தில் அமெரிக்காவின் விமானத்தளம். வளைகுடாவில் இருந்து சீனாவுக்கு எண்ணெய் ஏற்றிப்போகும் கப்பல்கள் நம் முனைக்குத் தெற்கே ஓடி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு மலாக்கா நீரிணைக்குப் போகின்றன. தைவானில் சண்டை மூண்டால் அந்த எண்ணெயை வழியிலேயே மறிப்பது பற்றி ராணுவ ஆய்வாளர்கள் வெளிப்படையாகவே எழுதுகிறார்கள். மறிப்பது என்றால் தைவானிலா மறிப்பார்கள்? இந்தப் பாதையில்தான்.

வகுப்பில் இதை அளந்து முடித்ததும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு யாராவது ஒருவர் கூடங்குளத்தைப் பற்றிக் கேட்பார். கேட்காமல் இருந்ததே இல்லை. அணு உலை, மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களோடு பேசும் கடற்படை நிலையம், எல்லாம் நம் வீட்டு மொட்டைமாடியில் இருந்து கிழக்கே கை நீட்டினால் காட்டக்கூடிய திசையில் இருக்கின்றன. இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல. "அங்கல்லா" என்று சொல்லுகிறவர் எந்த இடத்தில் நின்று சொல்லுகிறார் என்று அவருக்கே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பாட்டிக்கு ஜப்பான் எங்கே இருக்கிறதென்று தெரியாது

என் பாட்டி சாகும்வரை சோற்றைக் கீழே சிந்த விடமாட்டார். சின்ன வயதில் அரிசி இல்லாமல் கிடந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது, "ஜப்பான்காரன் அரிசிக் கப்பலைப் பிடிச்சு வச்சுக்கிட்டான்" என்பார். அவருக்கு ஜப்பான் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது, ஏன் பிடித்தான் என்றும் தெரியாது. பின்னாளில் நான் படித்தபோதுதான் கோத்துப் பார்க்க முடிந்தது. அன்றைக்கு நம் பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூர் தன் தேவைக்கு அரிசி விளைக்க முடியாத நாடு. நாஞ்சில்நாட்டு வயல்கள் எவ்வளவு விளைந்தாலும் மொத்த சமஸ்தானத்துக்கும் காணாது. பெரும்பங்கு பர்மாவில் இருந்து கப்பலில் வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதோடு கப்பல் நின்றது. அப்புறம் ரேஷன், வரிசை, மரச்சீனிக் கிழங்கு. கிழங்கும் மீனும் நம் சாப்பாடு என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறோம், எனக்கும் பிடிக்கும்தான். அந்த நாட்களில் அது விருப்பத்துக்குச் சாப்பிட்டது இல்லை. காலையும் கிழங்கு, இரவும் கிழங்கு, அதுவும் கிடைத்தால். திருவிதாங்கூரின் வடபகுதிகளில் பசியாலும் அதன் பின்னால் வந்த நோயாலும் ஆட்கள் செத்தார்கள்.

ஒரு குண்டுகூட இங்கே விழவில்லை. இரண்டு பேரரசுகள் ஆயிரம் மைலுக்கும் அப்பால் மோதின, தேங்காய் துருவுகிற ஒரு பெண்பிள்ளையின் வீட்டில் உலை கொதிக்கவில்லை. இப்போது நமக்கு அரிசி ஒரிசாவில் இருந்தும் ஆந்திராவில் இருந்தும் வருகிறது, சரி. கேஸ் எங்கிருந்து வருகிறது? வள்ளத்து எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய்? வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்து அனுப்பும் பணம்? 1990-ல் சதாம் உசேன் குவைத்துக்குள் நுழைந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதில் நம் மாவட்டத்து ஆட்கள் எத்தனையோ பேர். உடுத்த துணியோடு வந்து இறங்கியவர்கள் பிறகு நாகர்கோவிலில் ஆட்டோ ஓட்டிப் பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் 12 நாள் அடித்துக்கொண்டபோது ஈரான் கடற்கரையில் வேலைக்குப் போயிருந்த நம் மீனவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். இவையெல்லாம் சின்னச் சண்டைகள். மச்சான் கேட்பது பெரிய சண்டை.

ரப்பர் கணக்கையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் மச்சானின் வாதத்தில் கொஞ்சம் வலுவுள்ள இடம் அதுதான். போரில் ரப்பர் விலை ஏறும் என்பது வரலாற்றில் உண்மை. 1950-ல் கொரியப் போர் தொடங்கியதும் உலகச் சந்தையில் ரப்பர் விலை தலைதெறிக்க ஏறியது. ஆனால் அன்றைக்கு ரப்பரை வாங்கிக் குவித்தவர்கள் அமெரிக்காவும் ஐரோப்பாவும். இன்றைக்கு உலகத்தில் வெட்டும் இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 40 சதவீதத்தை வாங்குவது சீனா. டயர் தொழிற்சாலைகள் அங்கே இருக்கின்றன. சீனத் துறைமுகங்கள் மூடினால் அந்த 40 சதவீதம் எங்கே போகும்? தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் தேங்கி, கிடைத்த விலைக்கு இந்தப் பக்கம் வந்து கொட்டும். குலசேகரத்தில் ஷீட் அடித்துக் காயவைக்கிறவருக்கு என்ன விலை கிடைக்கும் என்று மச்சானே சொல்லட்டும்.

கறுப்பு மணல்

மணவாளக்குறிச்சி, சின்னவிளை பக்கம் கடற்கரையில் அலை இழுத்துப்போன இடத்தைக் குனிந்து பார்த்தால் மணல் ஒரே நிறமாக இருக்காது. கறுப்பு ஒரு கோடு, அதன்மேல் கார்நெட்டின் சிவப்பு ஒரு கோடு, நடுவில் வெள்ளை. ஈரம் காய்வதற்குள் பார்க்க வேண்டும், காய்ந்தால் எல்லாம் கலந்த மாதிரி தெரியும். கறுப்பு இல்மனைட். அதற்குள்ளே தேன் நிறத்தில் மின்னும் பொடி மணிகள்தான் மோனசைட். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் சர்க்கரைப் பொடியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. அணு எரிபொருளுக்கு உதவக்கூடிய தோரியமும், காந்தத்துக்கும் மின்னணுப் பொருட்களுக்கும் வேண்டிய அரிய மண் தனிமங்களும் அதில் இருக்கின்றன. இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதலான கடற்கரை இது என்பதும் அதனால்தான்.

இரண்டு வல்லரசுகள் இந்த மணலுக்காக முறைத்துக்கொள்வது இது முதல் தடவை அல்ல. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் இங்கே இருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு வீடுகளிலும் தெருக்களிலும் எரிந்த கேஸ் விளக்கில் ஒளி தரும் வலையான மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும், அந்தத் தொழிலில் ஜெர்மனி முன்னால் நின்றது. 1914-ல் போர் வந்ததும் ஜெர்மானியப் பிடி அறுந்து மணல் பிரிட்டிஷ் கைக்குப் போனது. இரண்டாம் உலகப் போர் முடிந்து அணுயுகம் தொடங்கியதும் மறுபடி இதன்மேல் கண். 1947-ல் திவான் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூரைத் தனிநாடாக வைக்கப் பேசியபோது, இந்தத் தோரிய மணலும் அந்தக் கணக்கில் இருந்தது. சண்டை யாருக்கும் யாருக்கும் இடையில் என்பது மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. தோண்டிய இடம் மாறவில்லை.

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் வரிக்குப் பதிலடியாகச் சீனா ஏழு அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டது. உலகத்தில் அரிய மண்ணைச் சுத்திகரிக்கும் வேலையில் 90 சதவீதம் போல அவர்கள் கையில் இருக்கிறது. மின்சாரக் காரும் காற்றாலையும் மட்டுமா நின்றுபோகும்? ஒரு எஃப்-35 போர் விமானத்தில் 400 கிலோவுக்கும் மேல் அரிய மண் பொருட்கள் இருப்பதாக அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகத் தயாரித்த ஆய்வறிக்கையே சொன்னது. ஆக, அவசரம் எல்லா நாட்டுக்கும். மணவாளக்குறிச்சி ஆலையை நடத்தும் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல், ஜப்பானுக்கு அரிய மண் அனுப்புவதை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்ளப்பட்டதாக ஜூனில் செய்தி வந்தது. செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அணு கனிமங்கள், முக்கியக் கனிமங்கள் சார்ந்த சுரங்கத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை. பாதுகாப்பு அமைச்சகமும் அணுசக்தித் துறையும் கேட்டதன் பேரில் இந்த விலக்கு. நாட்டின் பாதுகாப்பு என்பது அதற்குச் சொன்ன காரணம்.

கிள்ளியூர் தாலுகாவில் கீழ்மிடாலம், மிடாலம், இனயம்புத்தன்துறை, ஏழுதேசம், கொல்லங்கோடு பகுதிகளில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. மக்கள் எதிர்த்ததால் கருத்துக் கேட்புக் கூட்டம் தள்ளிப்போனது. கடற்கரைத் தேவாலயப் பங்குகளில் பெண்கள் திரண்டு வந்து உட்கார்ந்தார்கள். புற்றுநோய் பயம், கடலரிப்பு பயம், வீடு போகுமோ என்ற பயம் எல்லாவற்றையும் சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே இடம் அந்தக் கூட்டம். அதைத்தான் இந்த உத்தரவு தேவையில்லை என்கிறது. தமிழ்நாடு முதலமைச்சர் இதைத் திரும்பப் பெறக் கேட்டுப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வாஷிங்டனுக்கும் பெய்ஜிங்குக்கும் நடக்கிற இழுபறியில் இன்னும் ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. அதற்குள்ளேயே மிடாலத்தில் ஒரு பெண்ணுக்கு மைக்கைப் பிடித்துப் பேசும் உரிமை போயிருக்கிறது. உலகமே வரிசையில் நிற்கும் என்று மச்சான் சொன்னது ஒருவகையில் நடக்கிறது, அந்த வரிசையில் ஊர்க்காரர்களுக்குத்தான் இடம் இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சீனா கட்டுப்படுத்திய டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற கன அரிய மண் தனிமங்கள் நம் மோனசைட்டில் பெரிதாகக் கிடையாது. நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி சீரியம், லாந்தனம், நியோடைமியம் வகையறா. இதையெல்லாம் யாரும் டீக்கடையில் சொல்வதில்லை.

தேங்காய்ப்பட்டணத்தில் கேட்டது

இவ்வளவும் படித்து, அளந்து வைத்திருந்தபோதும் என் மனசில் இது ஒரு வாதமாகத்தான் இருந்தது. வாதத்துக்கு எதிர்வாதம். அது மாறியது தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில். பழைய மாணவன் ஒருவனைப் பார்க்கப் போனேன். தூத்தூர் பக்கத்துப் பையன், இப்போது அப்பாவோடு ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறான். படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் அப்பாதான் படகு டிரைவர். நான் பேச்சோடு பேச்சாக அந்தத் தளத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "டீகோ கார்சியாவா? நான் அங்க கெடந்திருக்கேன் சாரே" என்று சாதாரணமாகச் சொன்னார், யாரோ திருவனந்தபுரத்தில் கிடந்ததைச் சொல்வது போல.

தூத்தூர் வட்டாரத்து எட்டு ஊர்க்காரர்களைப் பற்றி இங்கே படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரங்கால் தூண்டிலைக் கொண்டு சுறாவையும் கேரையையும் தேடி, நாட்கணக்கில் தங்கலுக்குப் போகிறவர்கள். மீன் போன வழியில் போய், டீகோ கார்சியா இருக்கும் சாகோஸ் தீவுகளின் கடலுக்குள் நுழைந்துவிட்டால் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் பிடிக்கும், டீகோ கார்சியாவுக்குக் கொண்டுபோய் நிறுத்தி அபராதம் போடும். அந்தச் செய்தி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை நம் பத்திரிகைகளில் சின்னதாக வரும். இவர் அப்படிப் பிடிபட்டவர்.

இரவில் விளக்கடித்து நிறுத்தினார்களாம். எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு அணியத்தில் நின்றார்களாம். "துப்பாக்கியோட ஏறுனாவ. எங்க பிள்ளைய வயசுதான் இருக்கும். மரியாதையாத்தான் பேசுனான், தண்ணி வேணுமாண்ணு கேட்டான். ஆனா துப்பாக்கியக் கீழ எறக்கல" என்றார். அப்புறம் மீன் அறையைத் திறக்கச் சொன்னார்களாம். ஒரு நீளக் கம்பியை எடுத்து ஐஸுக்குள் குத்திக் குத்திப் பார்த்தார்களாம், அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று. ஒவ்வொரு மூலையிலும் குத்தினார்களாம். மீன் கிழிந்துபோகுமே என்றுதான் அந்த நேரத்தில் தனக்குத் தோன்றியதாகச் சொன்னார். இதைச் சொல்லும்போது கையில் இருந்த ஐஸ் குத்தும் கம்பியால் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "இப்பம் சண்டை இல்ல சாரே. அதனால ஐஸக் குத்திப் பாக்க அவனுக்கு நேரம் உண்டும். சண்டைண்ணா குத்திப் பாத்துட்டா இருப்பான்?"

எனக்கு அதற்குப் பதில் இல்லை. இப்போதும் இல்லை. 2012 பிப்ரவரியில் போர் இல்லை, பேச்சுக்குக்கூட இல்லை. கொள்ளைக்காரர்களோ என்ற சந்தேகத்தில் இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் இருந்த கடற்படை வீரர்கள் சுட்டார்கள். கேரளக் கடலில், பட்டப்பகலில், ஒரு மீன்பிடிப் படகை. செத்த இரண்டு பேரில் ஒருவர் நம் மாவட்டத்து இளைஞர். ஒன்பது வருடம் வழக்கு நடந்து, 10 கோடி ரூபாய் இழப்பீட்டோடு 2021-ல் முடிந்தது. அன்றைக்குச் சந்தேகத்துக்குக் காரணம் சோமாலியக் கொள்ளையர். இன்றைக்கு வேறு காரணம் இருக்கிறது. தென்சீனக் கடலில் சீனா மீன்பிடிப் படகுகளையே துணைப்படையாக வைத்திருக்கிறது. 2021-ல் பிலிப்பைன்ஸ் உரிமை கொண்டாடும் ஒரு பவளத்திட்டில் 200-க்கும் மேற்பட்ட படகுகள் மீனும் பிடிக்காமல் வாரக்கணக்கில் வரிசையாகக் கிடந்தன. அதைப் பார்த்துப் பழகிய ஒரு கடற்படைக்கு மீன்பிடிப் படகு என்றால் மீன்பிடிப் படகு என்று இனிமேல் நம்பிக்கை வராது. அந்தக் கண்ணோடு டீகோ கார்சியாவின் ராடாருக்கு முன் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, வடக்கே இருந்து மெதுவாக வரும் ஒரு புள்ளியில் இருப்பது தூத்தூர்க்காரர்களா வேறு யாருமா என்று எப்படித் தெரியும்?

தைவான் பக்கத்திலும் இதே கதைதான். சீனக் கரையில் இருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் கின்மென் என்ற தீவு தைவானிடம் இருக்கிறது. 1958-ல் சீனா குண்டு மழை பொழிந்த இடம். 2024 பிப்ரவரியில் அங்கே எல்லை தாண்டி வந்த ஒரு சீனப் படகைத் தைவான் கடலோரக் காவல்படை விரட்டியது, படகு கவிழ்ந்து இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு அரசுகளும் மாறி மாறி அறிக்கை விட்டன. செத்தவர்கள் படகில் போனவர்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நீரோடியும் வள்ளவிளையும்தான் நினைவுக்கு வந்தன. நம் நஷ்டத்தை மட்டும் எண்ணுவதும் சரியில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தைவானில் 2 கோடியே 30 லட்சம் பேர் இருக்கிறார்கள். எதிர்க்கரையில் ஃபூஜியானிலும் நம்மைப் போலவே கடலை நம்பிய ஊர்கள் இருக்கின்றன. அவர்கள் வீட்டில் விழுகிற குண்டில் நமக்கு லாபம் பார்ப்பது என்னால் முடியாது.

சீனாவைப் பற்றி எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது. 2020 ஜூனில் கல்வான் எல்லை மோதலில் நம் வீரர்கள் 20 பேர் செத்தார்கள், அதில் ராமநாதபுரத்துக்காரரும் ஒருவர். அம்பாந்தோட்டையில் வந்து நிற்கும் கப்பலைப் பார்த்து இந்தியா கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது, கடற்படையைப் பலப்படுத்த வேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்து லாபம் அடையலாம் என்ற எண்ணத்துக்கு இடமே இல்லை. 2016-ல் இந்தியா அமெரிக்காவோடு கையெழுத்துப் போட்ட தளவாட ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கப்பல்கள் நம் துறைமுகங்களில் எரிபொருள் கேட்கலாம், ஒவ்வொரு தடவையும் கொடுப்பதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்யலாம். 2022-ல் ஓர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள காட்டுப்பள்ளிக்கு வந்து பழுது பார்த்துப் போனது. அமைதிக் காலத்தில் இதெல்லாம் வியாபாரம். போர் மூண்ட அன்றைக்குக் கொடுத்தால் ஒருவனுக்குப் பகை, மறுத்தால் இன்னொருவனுக்குப் பகை. இந்தப் போர் வராமல் தடுக்கிற பக்கத்தில் இந்தியாவின் குரல் இப்போதே, சத்தமாகக் கேட்க வேண்டும். இரண்டு தலைநகரிலும் கேட்க வைக்கிற நிலையில் இருக்கும் நாடுகள் உலகத்தில் அதிகம் இல்லை, நாம் அதில் ஒன்று.

டெல்லியில் செய்ய வேண்டியது அது. நாகர்கோவிலில் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் வந்தபோது எச்சரிக்கை கரைக்கு வந்தது, ஏற்கெனவே கடலுக்குள் இருந்த படகுகளுக்குப் போய்ச் சேரவில்லை. அதன் விலையை எட்டு ஊரும் கொடுத்தன. அதற்குப் பிறகு இஸ்ரோ வடிவமைத்த டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள், கரையில் இருந்து செய்தி அனுப்பலாம், படகில் இருந்தும் பதில் அனுப்பலாம். நல்ல காரியம். புயலுக்கு என்று செய்ததைப் போருக்கும் சேர்த்து யோசிக்க வேண்டும். டிரைவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே, "அப்பம் ஒரு மனு எழுதித் தாங்க சாரே, கலெக்டர் ஆபீஸ்ல மீனவர் குறைதீர் கூட்டத்துல குடுப்போம். நான் கடலுக்குப் போனாலும் சங்கத்துல இருந்து ஆளு போவாவ" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று கேள்விகள் இதுவரை ஆகியிருக்கின்றன. இந்தியப் பெருங்கடலின் ஒரு பகுதியை ஏதாவது ஒரு நாடு போர்ப் பகுதி என்று அறிவித்தால், கரையை விட்டுப் போய் இருபது நாள் ஆன படகுக்கு அதை யார், எந்த மொழியில், எத்தனை மணி நேரத்துக்குள் சொல்வார்கள்? திரும்பி வர டீசல் இல்லாத படகு லட்சத்தீவு, மாலத்தீவு, ஓமன் இவற்றில் எந்தத் துறைமுகத்துக்குள் நுழையலாம் என்று லட்சத்தீவு நிர்வாகத்தோடும் மற்ற இரண்டு நாடுகளோடும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறோமா? கடலை மூடினால், மூடிக் கிடக்கும் மாதங்களுக்கு, தடைக்கால நிவாரணம் போல அந்தக் குடும்பங்களுக்கு ஏதாவது உண்டா? தூத்தூர், சின்னத்துறைக்காரர்கள் படித்துவிட்டு நான் விட்டதைச் சொன்னால் சேர்த்துக்கொள்கிறேன், அடுத்த கூட்டத்துக்குள் கொடுக்க வேண்டும்.